சாவி கொடுக்கிற வாட்ச்

ஞானம்பாளுக்கு நகைப் பைத்தியம் கிடையாது. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துச் செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்யப் போகிறவளுக்குத் தாலி, தோடு, கைக்கு ஆறு கண்ணாடி வளையல் போதும். ஆனால் இடது மணிக்கட்டில் கிடந்த வாட்சை யாராவது தொட்டால் மட்டும் பொல்லாதவளாகிவிடுவாள்.

தொண்ணூற்றிரண்டில், கல்யாணமான புதிதில், கணவர் சதாசிவம் பர்மா பஜாரில் வாங்கி வந்த பழைய சுவிஸ் வாட்ச் அது. முகம் பத்துப் பைசா அளவுகூட வராது. மெல்லிய முலாம் சங்கிலி. நொடி முள் கிடையாது. இருக்கிற இரண்டு முள்ளும் தலைமுடி கனம்தான். ஆபீசில் எல்லோரும் பேட்டரி வாட்சுக்கு மாறியும் இவள் மாறவில்லை. காதருகே வைத்தால்தான் அதற்கு உயிர் இருப்பதே தெரியும். அந்த அடக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது.

சாவி கொடுப்பது சதாசிவத்தின் வேலை. திருகு கடுகளவு, தனக்குப் பிடிபடாது என்பாள். காலையில் கையை நீட்டுவாள்; அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் இருபது சுற்று சுற்றுவார். அவர் பக்கத்து உறவில் இதைக் கேலி செய்யாத ஆளில்லை. ஏழு வருஷம் இது ஒரு நாளும் தவறவில்லை.

தொண்ணூற்றொன்பது ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவர் ரயிலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மறுநாள் மதியம் எடுத்தார்கள். எரித்துவிட்டு வந்து ஆண்கள் குளித்த பிறகும், அவர் கொடுத்த சாவியில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஞானம்பாள் அதைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஆறு இருபதுக்கு நின்றது. முள் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் விடியற்காலை பூவையும் பொட்டையும் எடுத்து, வளையலை உடைத்து, தாலியையும் கழற்றினார்கள். எல்லாவற்றுக்கும் கழுத்தையும் கையையும் கொடுத்தவள், நாத்தனார் செல்லம்மா வாட்சில் கை வைத்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா ஞானம், இதையும் கயட்டு. தங்கமாட்டம் மின்னிகினு கீது."

"இது நகை இல்ல அண்ணி. டைம் பாக்கறது. நாளைக்கு நான் டிரெயின் புடிக்கணும்."

செல்லம்மா கெட்டவள் அல்ல. தம்பியைப் பறிகொடுத்தவள்; அவனுக்குச் செய்வதில் ஒரு முறையும் தவறிவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. குனிந்து பார்த்தாள்.

"ஓடவே இல்லியே. ஆறு இருபதுன்னு காட்டுது. ஓடாத வாட்ச்சுல இன்னா டைம் பாப்பே? அப்போ நகைதான் இது."

நியாயமான கேள்வியைத்தான் கேட்டுத் தொலைத்தாள். வாட்ச் கையில் இருக்க வேண்டுமென்றால், அவர் சாவி தீர்ந்த அந்த ஆறு இருபது போயாக வேண்டும். ஞானம்பாள் அந்த முட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் திருகை வெளியே இழுத்தாள்.

"மணி இன்னா?"

"அஞ்சே கால்" என்றாள் யாரோ ஒருத்தி.

முள்ளை நகர்த்தி, திருகை அழுத்தி, சாவி கொடுத்தாள். சரியாக இருபது சுற்று. விரல் ஒரு தடவைகூட வழுக்கவில்லை.

செல்லம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் காதில் வைத்துக் கேட்டாள். மெல்ல விட்டாள்.

"உனக்கு சாவி குடுக்க வராதுன்னு தம்பி சொல்லிகினு இருப்பானே."

"வரும் அண்ணி. மொதல் நாள்லேந்தே வரும்" என்றாள் ஞானம்பாள். பதினாறு நாளில் அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.