பன்னிரண்டாவது சில்லு

"அக்கா, இதைத் தலைகீழா ஒட்டிட்டீங்க."

ஆய்வாளர் கண்ணாடிச் சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி சொன்னார். அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூடத்தில் கல்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, மயிரிழையைவிட மெல்லிதாகத் தேய்த்துக் கொடுப்பவள். இந்தப் பேச்சை யாரிடமிருந்தும் கேட்டதில்லை.

"எப்படிச் சொல்றீங்க?"

"பன்னிரண்டு கல்லும் ஒரே மலை. பதினொண்ணுல குவார்ட்ஸ் மணியெல்லாம் கிழக்கே சாஞ்சிருக்கு. இதுல மட்டும் மேற்கே."

மணிகளின் சாய்வை வைத்துத்தான், கோடி வருடங்களுக்கு முன் பாறை எந்தப் பக்கம் இழுபட்டது என்று சொல்வார்கள். சில்லு திரும்பினால் மலையே திரும்பிவிடும்.

"நீங்கதான் மலையில கல்லு மேல அம்புக்குறிய மாத்திப் போட்டிருப்பீங்க. கல்லு கால்ல விழுந்து நொண்டிக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு."

அவர் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத் தாளில் விழ வேண்டியது அவர் கையெழுத்து.

அவர் போனதும் மிச்சத் துண்டுகளின் தட்டை இழுத்தாள். அறுத்த கல்லின் மிச்சம் எதையும் அவள் எறிவதில்லை. ஆய்வாளர்களை அவ்வளவு நம்புகிறவள். பன்னிரண்டாவது துண்டில் அவர் மலையில் வரைந்த சிவப்பு அம்பு அழியாமல் இருந்தது. சில்லை அதன் மேல் வைத்தாள். வெள்ளைக் கீற்று கீற்றோடு பொருந்தியது. அம்பின் முனை எந்தப் பக்கம் என்று காட்ட அவள் சில்லில் போட்ட மூலை வெட்டும் முனைப் பக்கமே இருந்தது. சரியாகத்தான் ஒட்டியிருக்கிறாள்.

மாட்டினார் ஐயா என்று நினைத்தாள். சும்மா ஒத்துப் பார்க்க முதல் சில்லை எடுத்தாள். கீற்று பொருந்தியது. மூலை வெட்டு அம்பின் வால் பக்கம் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதுக்குப் பின் எழுந்து அறுக்கும் இயந்திரத்தின் பக்கம் போனாள்.

பழைய இயந்திரத்தில் அறுபட்ட கல் வில்லை இடப்பக்கம் விழும். மூன்று மாதம் முன் வந்த புதியதில் வலப்பக்கம். முகம் மாறிக் கைக்கு வந்ததைக் கவனிக்காமல், பழகிய கை பழைய மூலையையே வெட்டியிருக்கிறது. பன்னிரண்டாவதை அறுத்த அன்று மட்டும் புதியது பழுது; பழையதில் அறுத்தாள்.

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவர் பஸ் ஓட்டுகிறவர்.

"அந்த ஒண்ணை மட்டும் திருப்பி ஒட்டிக் குடுத்துடேன். மலையா வந்து சாட்சி சொல்லப்போகுது?"

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறீங்களா?"

மறுநாள் ஒன்பது மணிக்குப் பதினொரு சில்லுகளையும் அவற்றின் மிச்சத் துண்டுகளோடு ஆய்வாளரின் மேசையில் வைத்தாள். அவர் நான்கைப் பார்த்தார். மீதியைப் பார்க்கவில்லை. அந்த மலையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அனுப்புவதை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று கற்களைப் புதிதாக அறுத்தாள். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, எந்த மூலையை வெட்டுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்.