வலிக்காத வீக்கம்

என் மகளுக்கு ஒன்பது வயது நடக்கும்போது இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு வீக்கம் கண்டது. அதை முதலில் பார்த்தவர் என் நாத்தனார்தான். பார்த்த உடனேயே பொன்னுக்கு வீங்கி என்று பெயர் வைத்து, தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். கழுத்தில் பொன் கிடந்தால் வீக்கம் வடிந்துவிடும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத வைத்தியம். கான்வென்டில் படித்த எனக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. கணவரின் அக்காவிடம் அதை எப்படிப் பணிவாகச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவர் தேநீரைக் குடித்துவிட்டுச் சுங்கை பினாங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு ரிக்‌ஷா ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து மகளின் நடையே மாறிவிட்டது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கக்கூட அவள் குனியவில்லை. குனிந்தால் சங்கிலி மறைந்துவிடுமாம்.

பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளுக்குள் வடிந்துவிடும். இது ஒரு மாதமாகியும் அப்படியே இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டால் அவளுடைய கை முதலில் சங்கிலிக்குப் போகும். பிறகுதான் "வலிக்குதும்மா" என்று பதில் வரும். வலி போனால் சங்கிலியும் போய்விடும் என்று பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வலிப்பதாகச் சொல்வது பொய்யாக இருந்தால் நல்லதுதானே, வலிக்காத வீக்கம் என்ன செய்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு மாலையில் காய்ச்சல் வரத் தொடங்கியது. விடிந்து பார்த்தால் தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த என் கணவர் அரைநாள் லீவு எடுத்தார். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தமிழ் டாக்டர் ஒருவர் பார்த்தார். வீக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சங்கிலியைப் பற்றிக் கேட்டார். அவளுக்கு அது போதாதா? யாருடையது, எத்தனை வடம், கோயிலில் யார் யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே அவள் கழுத்தை விரல்களால் நன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். கதை நிற்கவே இல்லை.

"இவ்வளவு நேரம் அழுத்தினேனே, வலிச்சுதா?" என்று கேட்டார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "நெசத்தச் சொன்னா இத கழட்டிடுவீங்களா?"

"நான் கழட்ட மாட்டேன்."

"அப்ப வலிக்கல. எப்பவுமே வலிச்சதில்ல."

எனக்கும் கணவருக்கும் சிரிப்பு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. "வலிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்மா," என்றார்.

கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நிணநீர்க் கணுக்கள் என்று அவரைக்கொட்டை அளவில் சிறு முடிச்சுகள் எல்லோருக்கும் உண்டாம். பல் சொத்தையானாலும் தலையில் புண் வந்தாலும் அவை நெறி கட்டி வலிக்கும். புண் ஆறினால் தானாக அடங்கும். இதுவோ ரப்பர் போல அமுங்கி எழுகிறது, வலியில்லை, அடங்கவுமில்லை, கூடவே காய்ச்சலும் வியர்வையும் உடல் இளைப்பும் இருக்கிறது. ஒரு முடிச்சை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும் என்றார்.

நான் என் சந்தேகங்களை எல்லாம் கேட்டேன். பச்சைத் தண்ணீரில் குளிக்கவைத்ததாலா? பாலிக் புலாத் தோட்டத்தில் டுரியான் பழம் தின்னவிட்டதாலா? டுரியானால் வருவதென்றால் பாதித் தீவு இங்கே படுத்திருக்கும், நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை என்றார். அதற்குப் பிறகும் மழையில் நனைந்ததைப் பற்றி ஒரு தடவை கேட்டுவைத்தேன்.

முடிச்சை எடுத்துப் பார்த்தார்கள். அது அந்தக் கணுக்களிலேயே பிறக்கும் புற்று. வளரும் பிள்ளைகளுக்கும் அபூர்வமாக வருமாம். எக்ஸ்ரே ஒளி வைத்தால் சுருங்கும், திரும்பி வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். என் கணவர் கையிலிருந்த தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

எக்ஸ்ரே அறைக்கு நகை கூடாது என்றார்கள். மகள் தானே சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். "அத்தைகிட்ட சொல்லாதீங்கம்மா. பொன்னு வேலை செய்யலன்னு வருத்தப்படுவாங்க," என்றாள்.

வீக்கம் சுருங்கியது. காய்ச்சல் விட்டது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மாதம் ஒரு முறை டாக்டர் பார்க்கிறார். வீட்டில் சும்மா சும்மா தொட்டுப் பார்க்கக் கூடாது, பிள்ளை பயந்துவிடும் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நானும் அதை மீறுவதில்லை. ஆனால் தலை பின்னும்போது கழுத்தில் விரல் படாமல் எப்படிப் பின்னுவது? சில நாள் பின்னல் கோணலாகிவிடுகிறது; பிரித்து மறுபடி பின்ன வேண்டியிருக்கிறது.

நேற்றுக் காலை இரண்டாம் தடவை நான் பின்னலைப் பிரிக்கப்போனபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"தொட்டுப் பாக்கணும்னா பாருங்கம்மா. பின்னலை அவுக்காதீங்க, ஸ்கூல் மணி அடிச்சிடும்."

தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள். மெதுவாகத் தடவினேன். முடிச்சை எடுத்த தழும்பைத் தவிர விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. நான் கையை எடுப்பதற்குள் அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கமும் பாத்துடுங்க. இல்லாட்டி மத்தியானம் சோறு குடுக்க வர்ற சாக்குல ஸ்கூலுக்கே வந்து தொட்டுப் பாப்பீங்க."