ரிஸ்வி நானா ஏன் குறுக்கே போனார்

செய்தி வந்தபோது என் பாமசியில் நல்ல கூட்டம். இருமல் மருந்துப் போத்தலை ஒரு கையில் பிடித்தபடி எங்கள் ஜீப் குழுவின் வட்ஸ்அப்பைத் திறந்தேன். "நமது ரிஸ்வி நானா, தனக்கு மிகவும் பிடித்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே நம்மைவிட்டுப் பிரிந்தார்" என்று எழுதி, மலை விளிம்பில் அவருடைய சின்ன ஜீப் நிற்கும் படத்தைக் கீழே போட்டிருந்தார்கள். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே, தோட்டப் பாதையில், சேற்றில் புதைந்த ஒரு ஜீப்பை இன்னொரு ஜீப்பால் இழுக்கும்போது ஓர் இரும்புத்துண்டு தெறித்து நெஞ்சில் பட்டதாக அடுத்த செய்தி சொன்னது. அன்றைய பயணத்துக்கு நான் போகவில்லை. பாமசியில் உதவிக்கு இருக்கும் பெண் விடுமுறையில் போயிருந்தாள். போத்தலை மேசையில் வைத்துவிட்டு உள்ளறையில் போய் உட்கார்ந்தேன்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. பிடித்ததைச் செய்துகொண்டிருந்தாராம். அவருக்குப் பிடித்தவை எவை என்று எனக்கு நன்றாகத் தெரியும்: மகள் ஊற்றித் தரும் இஞ்சித் தேநீர், மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை, அடுத்தவர் வண்டியில் பிழை கண்டுபிடிப்பது. இரும்புத்துண்டு நெஞ்சில் பட்டுச் சாவது அவற்றில் ஒன்றல்ல. அந்த வரியை எழுதியவருக்கும் அது தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை அறிந்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் எல்லோருக்கும் அண்ணன் போன்ற ரிஸ்வி நானா மெக்கானிக் இல்லை. கண்டி நகரில், என் பாமசிக்கு நாலு கடை தள்ளி, புடவைக்கடை வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் சேலை விரித்துக் காட்டுவார். ஞாயிறு வந்தால் அலவத்துகொடவில் வீட்டுக்குப் பின்னால், பலாமர நிழலில், நண்பர்களின் சின்ன ஜீப்புகளைக் காட்டுப் பாதைக்கும் கூடார வாசத்துக்கும் ஏற்றபடி மாற்றித் தருவார். கூலி வாங்கமாட்டார். அதற்குப் பதிலாக வாய் நிறைய ஏசுவார். அந்த ஏச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் கொழும்புக்குப் போய்க் காசு கொடுத்து வேலை செய்வித்தார்கள்.

என் ஜீப்பை முதன்முதலில் கொண்டுபோனபோது என்னிடம் பெரிய ஆசைகள் இருந்தன. கூரையில் கூடாரம், முன்னால் இரும்புப் பம்பர், வரிசையாக விளக்கு, பக்கத்தில் ஏணி. எல்லாம் இணையத்தில் பார்த்தவை. அவர் கடையிலிருந்து கொண்டுவந்த துணி அளக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து, வண்டியின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் உள்ள உயரத்தை அந்த நாடாவாலேயே அளந்தார். பிறகு எனக்கு ஏச்சு விழுந்தது.

"தங்கச்சி, இந்த வண்டிக்கி ஈக்கிற ஒரே கெட்டித்தனம் பாரமில்லாததுதான். அதையும் நீங்க காசு குடுத்து இல்லாமலாக்கப் போறீங்க" என்றார்.

அன்று அவர் என் ஜீப்பில் ஏற்றியதைவிட இறக்கியதுதான் அதிகம். பின்னிருக்கையைக் கழற்றினார். அந்த இடத்தில் பலகையடித்து, மேலே படுக்கையும் கீழே அடுப்பும் அரிசியும் வைக்க இழுப்பறையும் செய்தார். ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்தினார். அதற்குமேல் உயர்த்தினால் வளைவில் கவிழும் என்றார், நான் கெஞ்சியும் மசியவில்லை. கூடாரத்தைக் கூரையில் வைக்க விடாமல், சேலை மடிப்பதுபோல மடித்து இருக்கைக்கு அடியில் செருகக் காட்டித் தந்தார். அந்த மடிப்பு எனக்கு இன்றுவரை ஒழுங்காக வருவதில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. அடியில் படுத்து, முன்னும் பின்னும் தொங்கும் மெல்லிய இரும்பு வளையங்களை வெட்டி எறிவார். அவை கப்பலில் வண்டி உருளாமல் கட்டிவைப்பதற்காகப் போடப்பட்டவை. பார்வைக்கு இழுக்கும் கொக்கி போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் பட்டையான நைலோன் பெல்ட் எலாஸ்டிக் போல நீளும். அதை இந்த வளையத்தில் மாட்டினால் வளையம் பிய்ந்து குண்டு போலப் பறக்கும். வெட்டி எறிந்த பிறகு, வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய தடித்த கொக்கி ஒன்றைத் தானே பூட்டுவார். இழுக்கும்போது யாரும் பெல்ட்டுக்கு அருகில் நிற்கக்கூடாது. நின்றால் அவர் ஏசுவதைக் கேட்டுக் காட்டுக்கோழியும் பறந்துவிடும்.

எங்கள் குழுவில் சுரேன் இருந்தார். கண்டியில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் குடும்பம். வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் சின்ன ஜீப்பின் விலை எங்கேயோ ஏறிவிட்டது அல்லவா? அப்போது வாங்கிய ஜீப் அது. கொழும்பில் கொடுத்து, நான் மேலே சொன்ன எல்லா அலங்காரத்தையும் செய்துகொண்டார், கூடவே ஒரு குளிர்சாதனப் பெட்டியும். தெல்தெனிய பக்கம், நீர்த்தேக்கக் கரையில் நாங்கள் கூடாரமடித்திருந்த ஒரு சாயங்காலம், ரிஸ்வி நானா அவர் வண்டிக்கடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, அந்த வளையத்தை வெட்டச் சொன்னார். தானே வந்து வெட்டித் தருவதாகவும் சொன்னார்.

சுரேன் சிரித்தார். கம்பெனி போட்ட சாமானை வெட்டினால் விற்கும்போது வண்டி ஒரிஜினல் இல்லை என்று விலையைக் குறைப்பார்கள் என்றார். ஸ்பிரிங், டயர், பம்பர் எல்லாவற்றையும் மாற்றியவருக்கு அந்த வளையம் மட்டும் ஒரிஜினலாக இருக்க வேண்டியிருந்தது. இதிலே இன்னொரு கூத்து: புதிதாகப் போட்ட இரும்புப் பம்பர் சட்டத்திலிருந்த உண்மையான கொக்கியை முழுதாக மறைத்துவிட்டது. மாட்டுவதற்குக் கண்ணுக்குத் தெரிந்தது அந்த வளையம் ஒன்றுதான்.

ரிஸ்வி நானா அன்று மெதுவாகத்தான் சொன்னார். "சுரேன், வண்டிய விக்கிற நாள நெனச்சி வண்டி ஓட்ட வாணாம்." பிறகு எழுந்து போய்த் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்தார். நாங்கள் எல்லோரும் சுரேன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டோம்.

ஜனாஸா அடக்கம் அன்றே முடிந்துவிட்டது. மறுநாள் நான் வீட்டுக்குப் போனேன். பெண்கள் இருந்த அறையில் நானாவின் மனைவி ஸரீனா ராத்தா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டார். "எல்லாருக்கும் தள்ளி நில்லுங்கன்னு சொல்ற மனிசன், அவர் ஏன் புள்ள குறுக்க போனார்?"

அவர் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. குழுவினர் பொலிஸிலும் வீட்டாரிடமும் ஒரே கதையைச் சொல்லியிருந்தார்கள்: சுரேனின் புதைந்த ஜீப்பை இழுக்கும்போது, சொல்லச் சொல்லக் கேட்காமல் நானா பெல்ட்டுக்குக் குறுக்கே போய்விட்டார். வளையத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்னறையில் நின்ற உறவினர் ஒருவர், இந்த வயதில் வித்தை காட்டப் போய் இப்படியானது என்று என் காதுபடவே சொன்னார். பதினைந்து வயது மகள் கதவோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாப்பா தன் மடத்தனத்தால் செத்தார் என்று நம்பிக்கொண்டு அந்தப் பிள்ளை வளரப்போகிறதே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

சுரேனுக்கு அழைப்பு எடுத்தேன். பெல்ட்டை எதில் மாட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அக்கா, போன உயிர் திரும்பி வரப்போறதில்ல. அனுமதி இல்லாத பாதையில போயிருக்கோம். எல்லாரும் குடும்பகாரங்க. நீங்க அன்னைக்கு வரவும் இல்லயே" என்றார்.

வரவில்லைதான். ஆனால் அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் என் தாய் பிறந்தார், இன்றும் என் மாமா வீட்டார் அங்கே இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறினேன். வண்டி புதைந்த இடத்தைக் காட்ட மாமா ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பெயர் கணேசன், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வேலை. சம்பவத்தன்று தன் மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் ஜீப் புதைந்திருப்பதைக் கண்டு, மண்வெட்டியோடு உதவிக்குப் போனவர். நான் கேட்காமலே அவர் சொன்னார், யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தாராம். பொலிஸ் அவரிடம் வரவில்லை. ஏனென்றால் அவர் அங்கே நின்றதையே எங்கள் கனவான்கள் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். சுரேன் சேற்றில் குனிய மனமில்லாமல், கண்ணுக்குத் தெரிந்த வளையத்தில் பெல்ட்டை மாட்டினார். கணேசன் அவருடைய ஜீப்பின் டயருக்கு முன்னால், பெல்ட்டை ஒட்டி நின்று மண் வாரிக்கொண்டிருந்தார். அவருக்குத் தள்ளிப் போகும்படி யாரும் சொல்லவில்லை. முன்னால் நின்ற ஜீப் உறுமத் தொடங்கியது. டயருக்கு அடியில் போட மேலே கரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ரிஸ்வி நானா திரும்பிப் பார்த்தார், கத்தினார், இறங்கி ஓடிவந்து கணேசனைப் பாத்திக்குள் தள்ளினார். வளையம் பிய்ந்து அவர்மேல் பட்டது.

கணேசனைக் கூட்டிப்போய்ப் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க வைத்தேன். பதிந்துகொண்டார்கள். அதனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, பெரிதாக நம்பிக்கையும் இல்லை. அங்கிருந்து நேரே அலவத்துகொடவுக்குப் போனோம்.

கணவரை இழந்த ராத்தா இத்தாவில் இருந்தார். அந்த மாதங்களில் அந்நிய ஆண்களின் முன்னால் வரமாட்டார். ஆகவே கணேசன் முன்னறையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்க, ராத்தாவும் மகளும் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். அவர் திரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். மண் வாரியது, வண்டி உறுமியது, தன்னைத் தள்ளியது. "அவரு வரலன்னா அந்த இரும்பு எனக்குப் பட்டிருக்கும்மா. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்று முடித்தார்.

ராத்தா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். "தள்ளக்குள்ள ஏதும் சொன்னாரா?"

கணேசன் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையாட்டினேன்.

"ஏசுனாருங்க. மாடு மாதிரி நிக்கிறியேடான்னாரு. அதோட இன்னொன்னும் சொன்னாரு. அது பொம்பளைங்க இருக்கிற எடத்தில சொல்ற மாதிரி இல்லீங்க."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் சிரிப்பு என்று நினைத்தேன். பிறகு அழுகையும் கேட்டது. "கேட்டியா மகள்? அது ஒங்கட வாப்பாதான்" என்று ராத்தா சொல்வது கேட்டது. மகள் ஓவென்று அழுதாள். மரணம் நடந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை அழவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

குழுவினர் அவர் பெயரில் ஒரு நினைவுப் பயணம் ஏற்பாடு செய்திருப்பதாக அறிகிறேன். ஜீப்புகளில் ஒட்டுவதற்கு அவருடைய முகத்தை ஸ்டிக்கராகவும் அடித்திருக்கிறார்களாம். எனக்கும் ஒன்று அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்ப வேண்டாம். ஒட்டுகிறவர்கள் முதலில் தங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கணேசனை ஹுன்னஸ்கிரியவில் கொண்டுபோய் விடும் வழியில், ரிஸ்வி நானா கடைசியாகச் சொன்ன அந்த இன்னொன்று என்னவென்று கேட்டேன். வெட்கப்பட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொன்னார். நல்ல ஏச்சு. நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதைத்தான். சுரேனை நேரில் சந்திக்கும் நாளில் எனக்குத் தேவைப்படும்.