ஏட்டையாவின் மீசை

சித்தூர் தாண்டியதும் எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. நெருக்கடிநிலைக் காலம். நான் ஓவிய வாத்தியார். மாணவர்கள் வரைந்த படங்களைக் கோயமுத்தூர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறேன். தூங்கும் போலீஸ்காரர் படத்தை, தைரியமான ஓவியம் என்று மெச்சி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தவனும் நானேதான். பைகளைச் சோதிக்க ஏறிய காவலர் அதைத்தான் கையில் எடுக்கிறார். என் வேலை போச்சு என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க வாத்தியாரய்யா, இது ஆருங்க?"

"சும்மா... கற்பனைங்க."

"எங்க ஏட்டையாவாட்டமே இருக்குதுங்க! மீசைதான் பத்தாது. பெருசாப் போடுங்க."

சாவடிக்கு உள்ளே ஏட்டையா இருமுகிறார். பென்சிலைப் படத்தின் மீசையில் வைக்கிறேன். கை நடுங்காமல் கோடு போடச் சொல்லி இருபது வருஷம் பிள்ளைகளைக் குட்டிய கை நடுங்குகிறது. மீசை தானாகவே சுருண்டுகொள்கிறது.

"அச்சு அசலு அவருதானுங்க!" சிரித்தபடி காவலர் பஸ்ஸை விடுகிறார்.

இனி யார் கேட்டாலும் கற்பனை என்று சொல்ல முடியாது.