முதல் ஞாயிறு, காலை பத்து மணி

கணினிக்கு எழுதிய வரியை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கிறார். மொத்த வரியும் ஐந்து இடங்கள்தான்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் சரி என்றால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. குறித்த நேரம் வந்ததும், யாரும் தொடாமலே கணினி வேலையைத் தொடங்கிவிடும். இந்த ஏற்பாட்டுக்குக் கிரான் என்று பெயர். அந்த வரிகளை எழுதும் இவருக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் நட்சத்திரம் என்று பெயர்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் மணி, புல்வெளிக்குத் தண்ணீர், நீச்சல் குளத்தின் மோட்டார், எல்லாம் இவர் எழுதிய வரிகளில்தான் ஓடுகின்றன. வேறொருவராக இருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார். இவரோ பயந்து சாகிறார். "மிஷினுக்கு என்னங்க, சொன்னதைச் செஞ்சிட்டுப் போயிடும். நான் என்ன சொல்லித் தொலைச்சேன்னுதான் திரும்பத் திரும்பப் பாக்குறேன்" என்பார். சாப்பாட்டு நடுவிலும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். அதே பள்ளியில் நீச்சல் சொல்லித்தரும் மனைவி, "என்னைக் கட்டிக்கிட்டீங்களா, கடிகாரத்தையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இவ்வளவு பயந்த மனிதர்தான் அந்தத் தப்பைச் செய்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, குளம் மூடியிருக்கும்போது, காலை பத்து மணிக்கு வீரியமான கிருமிநாசினி தண்ணீரில் இறங்க வேண்டும். மேலே பட்டால் தோல் வெந்துவிடும், ஆவி மூச்சை அடைக்கும். தேதி ஒன்று முதல் ஏழு, கிழமை ஞாயிறு என்று திங்கட்கிழமை எழுதி வைத்தார். இரண்டும் சேர்ந்து வரும் நாள் முதல் ஞாயிறுதானே? நமக்கு அப்படித்தான் புரியும். கிரானுக்கோ இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும்.

செவ்வாய் விடுப்பு. புதன், ஒன்றாம் தேதி, நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய வேலைப் பட்டியலைத் திறந்தபோது மணி ஒன்பது ஐம்பது. பத்து மணிக்கு நேரே கிருமிநாசினி என்றிருந்தது. பத்து மணிக்குத்தான் சின்னக் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு. அவர்களோடு தண்ணீரில் நிற்பவள் இவர் மனைவி.

வரியை அழிக்கப் போனார். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தார். கணினி பூட்டிக்கொண்டது. மனைவிக்குப் போன் அடித்தார். தண்ணீரில் நிற்பவள் போனை எங்கே எடுப்பாள்? அடித்துக்கொண்டே மைதானத்தின் குறுக்கே ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

மோட்டார் அறை குளத்துக்கு அடியில். படியிறங்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தண்ணீரை உதைக்கிற சத்தம் கேட்டது. அவளுடைய விசில் கேட்டது. சுவரில் நாலைந்து பிளக்குகள், கிருமிநாசினி பம்புடையது கடைசியில். பாய்ந்து பிடுங்கினார். ஒன்பது ஐம்பத்தொன்பது.

வகுப்பு முடிந்து, ஈரத் தலையோடு அவள் தேடிக்கொண்டு வந்தாள். நட்சத்திரம் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார்.

"ஏழு தடவை கூப்பிட்டிருக்கீங்க. என்னாச்சுங்க?"

திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளைங்க?" என்றார் அவர்.

"எல்லாம் கரையேறியாச்சு. பசிக்குதுன்னு கத்துதுங்க."

"மணி?"

"பத்தே முக்கால். அதைக் கீழே வைங்க."

"வைக்கிறேன்" என்றார். பிளக் கையிலேயே இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இறுகிப்போயிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.