புகையில்லாத அறிக்கை

சங்ககிரியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு செல்போன் கோபுரம் நிற்கிறது. மின்சாரம் போனால் அதன் டீசல் ஜெனரேட்டர் ஓடும். அந்தப் புகையில் என் மனைவிக்கு மூச்சு இளைக்கும். அது ஓடிய நேரங்களை மூன்று மாதம் நாட்குறிப்பில் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மின்தடை நாளாகப் பார்த்து அதிகாரி வந்தார். அவர் ஜீப்பைக் கண்டதுமே, கோபுரத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஆள் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நிறுத்தினார்.

“புகையே இல்லீங்களே!” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதிகாரி அதையே அறிக்கையாகச் செல்போனில் எழுதினார். இடத்திலிருந்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. சிக்னல் இல்லை.

“டவர் பேட்டரி போயி நாளாச்சுங்க சார். ஜெனரேட்டர் ஓடுனாத்தான் சிக்னலு” என்றார் கம்பெனி ஆள்.

“அப்பறம் என்னங்க, ஓட்டுங்க!”

கரும்புகை கிளம்பியது, அறிக்கை போனது. உள்ளே மனைவி இருமினாள்.

“ஊட்டுல அம்மாவுக்குச் சளிங்களா?” என்று அதிகாரி அக்கறையாக விசாரித்தார்.