பின்சீட்டில் நானும் குழந்தையும்

விழுப்புரத்துக்கு வந்த சர்க்கஸில் ஒருவன் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்திலேயே ஓட்டிக் காட்டினான். அன்றிலிருந்து என் கணவருக்கு வேறு நினைப்பே இல்லை. மாலையானால் திண்டிவனம் ரோட்டில் அதையே பழகினார். விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். மருந்து போட்டபடியே நான் கெஞ்சினால் சிரிப்பார்.

படித்தவள் என்ற நினைப்பில் நான் ஒரு யோசனை செய்தேன். ஒரு நாள் கைக்குழந்தையுடன் அந்த ரோட்டுக்கே போனேன்.

"நாங்களும் ஏறிக்கிறோங்க. இப்ப தூக்குங்க, பாக்கலாம்."

பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிடுவார் என்று நம்பினேன். அவர் முகமோ மலர்ந்தது.

"அட, இது எனக்குத் தோணலியே! பின்னால வெயிட்டு இருந்தா முன்சக்கரம் ஜல்தியா எழும்பும்டி. குந்து, குந்து!"

சொன்ன பேச்சை மாற்றத் தெரியாமல் ஏறினேன். வண்டி உறுமியது. சட்டென்று எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு கையில் அவர் சட்டை, மறு கையில் குழந்தை. சக்கரம் தரையில் இறங்கியதும், "பாத்தியா!" என்று கத்தினார். குழந்தை வீறிட்டு அழுதது அவர் காதில் விழவில்லை.

"இன்னொரு தபா!"

நான் இறங்கி, பக்கத்துக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்தேன்.

"நீ எங்கம்மா போற?" என்றாள்.

நான் மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மாட்டேன் என்று நின்றிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா என்று இன்றும் யோசிக்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. அதன் பிறகு அவரிடம் நான் எதற்கும் கெஞ்சியதில்லை.